கல்லுப் பாலத்து மீன்

தொட்டியக்காவின் வலது கட்டைவிரல் ஒரு முறை மடங்கினால் உடனே நிமிராது. காலையில் இடது கையால் அதைப் பிடித்து நிமிர்த்திய பிறகுதான் பல் துலக்கும் பிரஷ்ஷையே எடுப்பாள். இருபத்துநான்கு வருஷமாக, நகம் வெட்டும் கத்தரியைவிடச் சின்னதான ஒரு கத்தரியைப் பிடித்துப் பிடித்து வந்த வினை. "வயசு நாப்பத்தேழுன்னு போட்டிருக்கு. விரலுக்கு மட்டும் எழுபது ஆயிடுச்சா?" என்று கேட்ட எலும்பு டாக்டரிடம் தன் வேலையைச் சொன்னாள். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"மீனுக்கு முடி வெட்டுறீங்களா?"

"முடி இல்லீங்க டாக்டர். துடுப்பு."

அந்த ஊர் ஆற்றில் பொன்வரி என்றொரு மீன் உண்டு. முதுகோரம் மஞ்சளாக ஒரு கோடு ஓடும். பிடித்தவனைப் பாடாய்ப் படுத்திவிட்டுத்தான் கரைக்கு வரும். மேலே அணை வந்தபோது அது முட்டையிடும் கூழாங்கல் படுகையெல்லாம் சேற்றில் புதைந்துபோயிற்று. அதற்கு ஈடாகக் கட்டியதுதான் ஆற்றங்கரையில் இருக்கும் மீன்குஞ்சு பொரிப்பகம். பதினாறு சிமெண்டுத் தொட்டிகள், தகரக் கூரை போட்ட நீளமான ஒரு கொட்டகை, இருமிக்கொண்டே ஓடும் ஒரு ஜெனரேட்டர், மேலாளருக்கு ஓர் அறை. அக்கா இருபத்துமூன்று வயதில் தொட்டி கழுவுகிற தற்காலிக வேலைக்கு அங்கே போனாள். அப்போது ஒட்டிக்கொண்ட பெயர். அவளைவிடப் பத்து வயது மூத்த ஆட்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

கழுவ வந்தவள் மெல்ல மெல்ல எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். தாய்மீனின் வயிற்றை நீவி முட்டையைத் தட்டில் இறக்குவாள். ஆண்மீனின் விந்துப் பாலை அதில் விட்டுக் கோழி இறகால் கலக்குவாள். செத்த முட்டை வெள்ளையாகிவிடும். அதை அன்றைக்கே இடுக்கியால் பொறுக்கி எடுக்காவிட்டால் பஞ்சு மாதிரி பூஞ்சை பிடித்து, பக்கத்து முட்டைகளையும் சேர்த்து மூடிவிடும். ஒரு தட்டில் ஐயாயிரம் முட்டை. வேறொருத்தி குனிந்து பார்த்தால் தலை சுற்றும். அக்காவுக்கு வெள்ளை மட்டும் தனியாகத் தெரியும்.

குஞ்சு விரல் நீளம் வளர்ந்ததும் கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் போட்டு மயக்குவார்கள். வயிற்றுத் துடுப்பு இரண்டில் ஒன்றை அடியோடு ஒட்ட வெட்டி, மயக்கம் தெளியவைத்து ஆற்றில் விடுவார்கள். ஒரு வருஷம் இடது, மறுவருஷம் வலது. வெட்டிய துடுப்பு திரும்ப முளைக்காது. பின்னால் யார் தூண்டிலில் மாட்டினாலும் வயிற்றைத் தடவிப் பார்த்து, இது பொரிப்பகத்து மீன், இது ஆற்றிலேயே பிறந்த மீன் என்று சொல்லிவிடலாம். முதலாவதற்கு வெட்டுமீன் என்று பெயர். ஒரு பருவத்துக்கு அக்காவின் கைவழியே மட்டும் இருபதாயிரம் வெட்டுமீன் போயிருக்கும்.

அதனால் அவள் உடம்பில் எப்போதும் கிராம்பு வாசனை. "அண்ணி பக்கத்துல வந்து உக்காந்தாலே எனக்குப் பல்வலி வந்த மாதிரி இருக்கு" என்பாள் நாத்தனார். அவள் வீட்டின் முன்னறையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். வாய் அவளுக்கு, மிஷினுக்கு மேல் ஓடும்.

அக்காவின் கணவர் மோட்டார் காயில் கட்டுகிறவர். தீய்ந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுச் செம்புக்கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணிக் கட்டுவார். பொறுமையான கை. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கை தூண்டிலைப் பிடிக்கும். குஞ்சு விடுகிற நாளில் வாளி தூக்க தூண்டில்காரர் சங்கத்திலிருந்து ஆட்கள் வருவதுண்டு. அப்படி வந்தவர்களில் எல்லாரும் வாளியைத் தலைகீழாகக் கவிழ்க்க, காயில்காரர் மட்டும் முழங்கால் தண்ணீரில் இறங்கி, வாளியைச் சாய்த்துப் பிடித்து, குஞ்சுகள் தாமாக வெளியே போகட்டும் என்று நின்றார். அக்கா அதைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்தக் கால் மணி நேரத்தில் நடந்ததுதான் கல்யாணம். மண்டபம், மாலை எல்லாம் அப்புறம். ஒரே மகன்; வெளியூரில் படிக்கிறான். இந்த வீட்டில் பிறந்தும் மீனில் முள் எடுக்கத் தெரியாது அவனுக்கு.

தூண்டில்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. எங்கே பிடித்தீர்கள் என்று யார் கேட்டாலும், "கல்லுப் பாலத்துல" என்பார்கள். கல்லுப் பாலத்தடியில் வருஷத்தில் நாலு மாதம் முழங்கால் தண்ணீர் ஓடும்; மிச்ச எட்டு மாதம் மணலில் பையன்கள் பந்து விளையாடுவார்கள். கேட்டவருக்கும் அது தெரியும், சொன்னவருக்கும் தெரியும். சௌக்கியமா என்று கேட்டால் சௌக்கியம் என்று சொல்வது மாதிரி. உண்மையான இடத்தைச் சொல்லிவிட்டால் அடுத்த ஞாயிறு அங்கே நாற்பது தூண்டில் தக்கை மிதக்கும். இடம் என்பது தகப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவிலேகூட வாய்விட்டுப் பேசப்படாத சொத்து.

காயில்காரரும் அக்காவிடம் சொன்னதில்லை. ஞாயிறு விடியற்காலை மொபெட்டை எடுத்துக்கொண்டு போவார். மத்தியானம் வருவார். "அப்பப்பா, என்ன தூரம்! இடுப்பு கழண்டுபோச்சு" என்றபடி பையை அடுப்பங்கரையில் வைப்பார். தொட்டிக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது என்பதால் அன்றைக்கும் அக்காவுக்கு அரை நாள் வேலை உண்டு. திரும்பி வந்து, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து மீன் கழுவுவாள். முன்பு அதற்கென்று பச்சை பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று இருந்தது. கால் உடைந்துவிட்டது, தூக்கி எறிந்தேன் என்று ஐந்து வருஷத்துக்கு முன் காயில்காரர் சொன்னார்.

கழுவும்போது கட்டைவிரல் தானாக வயிற்றுப் பக்கம் போகும். "இது இடது. மூணு வருஷம் ஆச்சு. ஜெனரேட்டர் நின்னு போய் நானும் மேனேஜரும் வாளி வாளியா தண்ணி மாத்தினோமே, அந்தக் கூட்டம்" என்பாள். வாரம் நாலு, ஐந்து மீன். பத்தில் ஏழு வெட்டுமீன். தன் கையால் போனது தன் கைக்கே திரும்பி வருகிறது என்பதில் அவளுக்கு ஒரு நிறைவு. சாப்பிடும்போது அதைப் பெரிதாகச் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் வறுத்த துண்டில் பெரியது வெட்டுமீனாக இருந்தால் தன் தட்டில் போட்டுக்கொள்வாள்.

பொரிப்பகத்தின் வாசலில் அறிவிப்பு ஒட்டியது மழை முடிந்த மாதத்தில். பயன் மதிப்பீட்டின் அடிப்படையில் இந்நிலையத்தை மூட உத்தேசிக்கப்பட்டுள்ளது. ஆட்சேபணை உள்ளவர்கள் தொண்ணூறு நாட்களுக்குள் தெரிவிக்கலாம். அதன்பின் கருத்துக் கேட்புக் கூட்டம் நடைபெறும். மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு வாசித்தார். அக்காவுக்கு அந்த வரியில் "பயன்" என்ற சொல்தான் உறுத்தியது. வாராவாரம் அவள் அடுப்பங்கரைக்கு வருகிறதே, அது என்ன?

அடுத்த மூன்று மாதம் காயில்காரரைப் பார்த்து ஊரே மூக்கின்மேல் விரல் வைத்தது. அவர் அதிகம் பேசாத ஆள். மோட்டார் கொண்டுவந்தவரிடம், "வியாழக்கிழமை வாங்க" என்பதற்கு மேல் வார்த்தையைச் செலவு செய்யமாட்டார். அப்பேர்ப்பட்டவர் கையெழுத்துத் தாளை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்திலும் சந்தையிலும் பள்ளிக்கூட வாசலிலும் நின்றார். பழுது பார்த்த ஒவ்வொரு மோட்டாரின் மீதும், "நம் ஆறு, நம் மீன், நம் பொரிப்பகம்" என்று அச்சடித்த சீட்டை ஒட்டிக் கொடுத்தார். சங்கத் தலைவர் சலூன்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார். தலையில் ஒரு பக்கம் மட்டும் வெட்டிவிட்டுக் கத்தரியை வைத்துவிடுவார். கையெழுத்துப் போட்டால்தான் மறுபக்கம்.

"நான் மீனே சாப்பிடறதில்லைங்க" என்றாராம் ஒரு பள்ளி ஆசிரியர்.

"முடி வளருதில்ல சார்? போடுங்க."

நாத்தனார் தாள் தாளாக நகல் எடுத்துத் தள்ளினாள். "எங்க அண்ணன் தன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கக்கூட இப்படி வீடு வீடாப் போனதில்லை அண்ணி. உங்களைவிட உங்க தொட்டி மேலதான் ஆசை போலிருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான் போடி" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. ஒரு மாலை அவர் வெயிலில் கறுத்து, குரல் கம்மி, செருப்பு வார் அறுந்து வந்தபோது, காலைக் கழுவ அவளே வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். வாளியைச் சாய்த்துப் பிடித்து நின்ற அந்த ஆளை அன்றைக்குத் திரும்பவும் பார்த்தாள். பதினோராயிரம் கையெழுத்து சேர்ந்தது. அந்த ஊரில் அத்தனை பேருக்கு எழுதத் தெரியும் என்பதே பலருக்கு ஆச்சரியம்.

நகராட்சி மண்டபத்தில் கூட்டம். ஊழியர்கள் கருத்துச் சொல்லக் கூடாது என்று சுற்றறிக்கை வந்திருந்ததால் அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். சலூன்காரர் பேசினார், கைதட்டல். ஆசிரியர் பேசினார், வெட்டிய முடி அதற்குள் வளர்ந்திருந்தது. கையெழுத்துத் தாள்களை நாலு பேர் பல்லக்கு மாதிரி தூக்கிக்கொண்டு போய் மேசைமேல் வைத்தார்கள்.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்தவர் ஓர் ஆய்வாளர் அம்மா. முப்பது வயதிருக்கும். குரலை உயர்த்தாமல் பேசினார். திரையில் ஒரு படம் போட்டார்.

"ஒன்பது வருஷத்துல இந்த ஆத்துல விட்ட குஞ்சு மூணு லட்சத்து அறுபதாயிரம். துடுப்பு வெட்டி அடையாளம் போட்டது. ஆத்தங்கரைப் பெட்டியில நீங்க போடற அட்டை இருக்கில்லீங்களா, என்னிக்கு, எங்க, எத்தனை வெட்டுமீன் பிடிச்சீங்கன்னு எழுதற அட்டை, அது மூவாயிரத்துக்கு மேல வந்திருக்கு. அத்தனை அட்டையிலயும் சேர்த்து வெட்டுமீன் இருநூத்திப் பன்னெண்டு." திரையைக் கையால் காட்டினார். "அப்ப குஞ்செல்லாம் ஆத்துல விட்டதும் செத்துப்போகுதுன்னுதானே அர்த்தம்? செத்துப்போகத்தான் வளர்க்கணுமா?"

முன்வரிசையில் சங்கத்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. ஒருவர் தன் செருப்பைப் பார்த்தார். ஒருவர் கூரையைப் பார்த்தார். சலூன்காரர் தன் கைவிரல்களை முதல்முறையாகப் பார்ப்பவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அட்டைகள் பூட்டிய பெட்டிக்குப் போய் அங்கிருந்து நேரே தலைமை அலுவலகத்துக்குப் போகிறவை. பொரிப்பகத்தில் யாரும் பார்த்ததில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு! அவள் ஒருத்தி சமையலறையில் அதற்கு மேல் இரண்டே வருஷத்தில் கழுவியிருப்பாள். முன்வரிசையில் காயில்காரரின் பிடரி தெரிந்தது. சிவந்திருந்தது.

ஆய்வாளர் அம்மா முட்டாள் இல்லை. அந்த மௌனத்தை அவரும் பார்த்தார். "பழைய அட்டையில யாராவது தப்பா எழுதியிருந்தா அதுக்கு நடவடிக்கை எதுவும் கிடையாது. பதினஞ்சு நாள் தர்றேன். எத்தனை பிடிச்சீங்க, எங்க பிடிச்சீங்க, உள்ளது உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. இடம் எங்க அலுவலக வரைபடத்தைத் தாண்டி வெளிய போகாது. எங்களுக்குப் பதினோராயிரம் கையெழுத்து வேண்டாங்க. மீன் எங்க இருக்குன்னு தெரிஞ்சாப் போதும்."

வெளியே வரும்போது யாரோ முணுமுணுத்தார்கள்: "அலுவலகத்துல கிளார்க் இருப்பான். கிளார்க்குக்கு மச்சான் இருப்பான்."

வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு அக்கா கேட்டாள்: "அட்டையில என்ன எழுதுவீங்க?"

"ஒண்ணுமில்லைன்னு."

"ஒவ்வொரு வாரமுமா?"

"எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க. ஒரு பழக்கம். நிறைய எழுதினா, ஆளுக்கு ரெண்டுதான் பிடிக்கலாம்னு சட்டம் போடுவான். இடத்தை எழுதினா கூட்டம் வரும்."

"இங்க உக்காந்து வாராவாரம் நான் இடது வலதுன்னு சொல்லிட்டிருந்தேன். கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

அக்கா சத்தம் போடுகிற ஆள் இல்லை. செத்த முட்டையை எடுக்கிற அதே நிதானத்தில் பேசினாள். "அந்தக் கூட்டத்துல எழுந்து நின்னு எனக்குச் சொல்ல வழியில்லை. வாயைக் கட்டிப்போட்டிருக்காங்க. உங்களுக்கு இருக்கு. எழுதுங்க. எனக்காகக்கூட வேண்டாம். மூணு மாசம் வெயில்ல நின்னீங்களே, அதுக்காகவாவது எழுதுங்க."

எழுதினார். மறுநாளே, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, காயில் சுற்று எண்ணுகிறவரின் கவனத்தோடு ஒன்பது வருஷத்தை வாரக்கணக்கில் யோசித்து எழுதினார். அவள் எதிரே உட்கார்ந்து எடுத்துக்கொடுத்தாள். மகனுக்கு அம்மை போட்ட வருஷம், கூரை மாற்றிய வருஷம், பெரிய வெள்ளம் வந்த வருஷம். வெட்டுமீன் ஆயிரத்து நானூற்று நாற்பது என்று முடிந்தது. அப்புறம் இடம். அந்த வரிக்கு வந்ததும் பரீட்சையில் பக்கத்துப் பையனிடமிருந்து மறைப்பது மாதிரி இடது கையைத் தாள்மேல் வளைத்து வைத்துக்கொண்டு எழுதினார். அக்கா சிரித்துவிட்டாள்.

"நல்லா மறைச்சுக்கோங்க. நானா வந்து தூண்டில் போடப்போறேன்?"

அவரும் சிரித்தார். உறையை அவள்தான் ஒட்டினாள்.

சங்கத்தில் நூற்று நாற்பது பேர். இருபத்தேழு பேர் எழுதிக் கொடுத்தார்கள். அந்த இருபத்தேழே போதும் என்றார் மேலாளர். ஆளுக்கு ஐந்நூற்றைம்பது என்று சராசரி போட்டாலே பதினைந்தாயிரம் மீனுக்குக் கணக்கு வந்துவிடும். அக்கா புதிய பருவத்துக்குத் தட்டுகளைத் தேய்த்துக் காயவைத்தாள். துருப்பிடித்த இடுக்கியை மாற்றச் சொல்லி எழுதிக்கொடுத்தாள்.

பதில் ஒரு புதன்கிழமை வந்தது. மேலாளர் அவளைக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, தானே படித்துக் காட்டினார். கடிதம் மரியாதையாகவே ஆரம்பித்தது. பொதுமக்களின் ஆர்வம் பாராட்டத்தக்கது. பெறப்பட்ட வாக்குமூலங்கள் இருபத்தேழும் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டன. அவை இருபத்தேழும் பிடித்த இடமாகக் கல்லுப் பாலத்தைக் குறிப்பிடுகின்றன. மேற்படி இடத்தில் ஆண்டில் எட்டு மாதம் நீரோட்டம் இல்லை என்பது அலுவலகப் பதிவுகளிலும் நேரடி ஆய்விலும் உறுதியானது. மீனே இருக்க இயலாத இடத்தில், நீரில்லாத மாதங்களிலும் பல்லாயிரம் மீன் பிடித்ததாகக் கூறும் இவ்வாக்குமூலங்கள், நிலையத்தைக் காக்கும் நோக்கில் ஒருங்கிணைந்து புனையப்பட்டவை என்றே கருத வேண்டியுள்ளது. எனவே...

"ஒருங்கிணைஞ்சா?" மேலாளர் கடிதத்தை மேசையில் வைத்தார். "இந்தப் பயலுக ஒரு டீக்கடையில ஒருங்கிணைஞ்சு டீ குடிச்சதில்லையேம்மா."

அக்கா எழுந்து போய்ப் பதினோராம் தொட்டியில் காற்றுக்குழாய் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்தாள். ஓடியது.

வீட்டுக்கு வந்தபோது நாத்தனாருக்குச் செய்தி தெரிந்திருந்தது. அவளுடைய வாய் அன்றைக்கு ஓடவில்லை. "சங்கத்து ஆளுங்க எழுதினதை நகல் எடுக்க வந்தப்போ பார்த்தேன் அண்ணி. அச்சுல போட்ட மாதிரி எல்லாத்துலயும் கல்லுப் பாலம். உங்களுக்குத் தெரிஞ்சுதான் அப்படி எழுதறாங்கன்னு நெனச்சேன். நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

காயில்காரர் பட்டறையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றாமலே வாசல்படியில் நின்றார்.

"எல்லாரும் உண்மையான இடத்தைத்தான் எழுதுவாங்க, நான் ஒருத்தன் எழுதலைன்னா என்ன குடிமுழுகிப்போச்சுன்னு நெனச்சேன்" என்றார்.

"இருபத்தேழு பேரும் அதையேதான் நெனச்சிருக்கீங்க."

"சலூன்காரர்கூட கல்லுப் பாலம்னு எழுதுவார்னு நான் எதிர்பார்க்கலை. தலைவராச்சே."

அக்கா அவரைப் பார்த்தாள். அவருக்கு உண்மையாகவே சலூன்காரர்மேல் கோபம். கையெழுத்து வாங்க அறுந்த செருப்போடு நடந்ததும் நிஜம், தாள்மேல் கையை வளைத்து மறைத்ததும் நிஜம். இரண்டையும் ஒரே ஆள் செய்தார் என்பதில் அவருக்கு எந்த இடறலும் இல்லை. "எந்த இடங்க அது?" என்று அவள் கேட்டாள். "இனிமேலாவது சொல்லலாமே. இனி யாருக்கு என்ன?"

"விடு, அதெல்லாம் எதுக்கு இப்போ" என்றபடி அவர் குளிக்கப் போனார்.

கடைசி மாதம் வேகமாகப் போயிற்று. தாய்மீன்களை லாரியில் ஏற்றி வேறொரு ஊருக்குக் கொண்டுபோனார்கள். கண்ணாடிக் குடுவைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார்கள். அக்காவுக்கும் வேறு இடம் ஒதுக்கினார்கள்: தாலுகா அலுவலகத்தில் கோப்பு எடுத்துக்கொடுக்கும் வேலை. மிச்சம் இருந்தது இரண்டு தொட்டிக் குஞ்சுகள், ஒன்பதாயிரம் சொச்சம். அவற்றைத் துடுப்பு வெட்டாமலே ஆற்றில் விட்டுவிடலாம் என்று உத்தரவு. இனிமேல் யாரும் எண்ணப்போவதில்லை; அடையாளம் எதற்கு? கத்தரிகளைத் துடைத்து எண்ணெய் போட்டு டப்பாவில் வைத்தபோது, இருபத்துநான்கு வருஷத்தில் முதல்தடவையாக அக்காவின் கையில் கிராம்பு வாசனை இல்லை.

தொட்டிகளைக் காலி செய்ய வெளியேற்றுக் குழாயில் பாதியை மறித்திருந்த அடைப்பை எடுக்க வேண்டியிருந்தது. அதன் வாய் பின்சுவருக்கு அப்பால், முட்புதருக்கு நடுவே, ஆற்றில் போய்த் திறக்கும். அந்தப் பக்கம் போக வழி கிடையாது என்றுதான் அக்கா இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அந்த ஞாயிறு காலை காவலாளியிடம் அரிவாள் வாங்கிக்கொண்டு சுவரைச் சுற்றிப் போனாள். அரிவாளுக்கு வேலையே இல்லை. புதருக்குள் ஆள் நடந்து நடந்து பழகிய ஒற்றையடித் தடம் ஓடியது.

தடத்தின் முடிவில் குழாய் வாய். தொட்டித் தண்ணீர் ஆற்றில் விழுகிற இடத்தில் மடு கறுப்பாகச் சுழன்றது. தாம் வளர்ந்த தண்ணீரின் வாடைக்கும் மிதந்து வரும் தீனித் துணுக்குக்கும் மீன்கள் அங்கே கூடும் என்பதை ஒரு சின்னக் குழந்தையும் யோசித்திருக்கும். அவள் யோசித்ததில்லை. இரண்டு முதுகுகள் மஞ்சள் கோட்டோடு மேலே வந்து புரண்டு மறைந்தன. கரையில் மொபெட் நிறுத்தி நிறுத்திப் புல் செத்த ஓர் இடம். ஒரு மரக்கிளையில் நறுக்கிப்போட்ட செம்புக்கம்பித் துண்டு. மர நிழலில் பச்சை பிளாஸ்டிக் ஸ்டூல்.

நாலு காலும் நன்றாக இருந்தன. உட்காரும் பலகையில், அவள் ஒருமுறை அவசரத்தில் சூட்டோடு சட்டியை இறக்கிவைத்ததில் உருகிய வட்டத் தழும்பும் அப்படியே இருந்தது.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். எதிரே பொரிப்பகத்தின் பின்சுவர். அதற்கு அந்தப் பக்கம்தான் ஒன்பதாம் தொட்டி. ஞாயிற்றுக்கிழமை தீனி போட்டு முடித்து, அவள் தனியாகச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற இடம். சுவரைத் தட்டினால் கேட்டிருக்கும். இருமினால் கேட்டிருக்கும். 'அப்பப்பா, என்ன தூரம்.'

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து அடைப்பை எடுத்தாள். மத்தியானத்துக்குள் குஞ்சுகளைப் பிளாஸ்டிக் பைகளில் அடைத்து, காற்று நிரப்பிக் கட்டினார்கள். மேலாளரும் ஜீப் டிரைவரும் அவளும் மட்டும் போனார்கள். இந்தத் தடவை வாளி தூக்கச் சங்கத்திலிருந்து யாரையும் கூப்பிடவில்லை. எந்த இடம் என்பதை மேலாளர் அவளிடமே விட்டுவிட்டார். அவள் சொன்ன இடத்துக்கு ஜீப் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. ஒவ்வொரு பையையும் தண்ணீரில் மிதக்கவிட்டு, உள்சூடும் வெளிச்சூடும் ஒன்றான பிறகு வாயைப் பிரித்து, சாய்த்துப் பிடித்தாள். துடுப்பு முழுசாக இருந்த ஒன்பதாயிரம் குஞ்சும் தாமாக வெளியே போயின. போன மறுநொடி, எது அவளுடையது எது ஆற்றினுடையது என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்தாள். காயில்காரர் அன்றைக்கு மீன் பிடிக்கப் போகவில்லை. மனசு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் காலையிலிருந்து படுத்திருந்தவர் எழுந்து வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றார். அவள் கட்டைவிரலை இடது கையால் பிடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"மொத்தத்தையும் விட்டாச்சா?"

"ம்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டார். "எங்க விட்டீங்க?"

அக்கா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கல்லுப் பாலத்துல."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். அவள் சிரிக்கவில்லை. சிரிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கண்ணைக் கீழே இறக்கினார். அவள் உட்கார்ந்திருந்த பச்சை ஸ்டூலை அப்போதுதான் பார்த்தார்.